விளம்பரத்தில் வயது, கல்லாவில் வயது



நம் கடையில் தொங்கும் விளம்பர அட்டைகளை என்றாவது நின்று பார்த்ததுண்டா? கம்பெனி ஆள் வந்து மாட்டிவிட்டுப் போகிறார். நாமும் ஸ்கீம் என்ன, சரக்கு எப்போது வரும் என்று கேட்பதோடு சரி. சென்ற மாதம் வசூலுக்குப் போன இடத்தில், ஒரு மளிகைக் கடையில் காத்திருந்தபோது அவற்றைப் பார்த்தேன். பிஸ்கட்டுக்குக் குழந்தை. குளிர்பானத்துக்குக் கல்லூரிப் பிள்ளைகள். சோப்புத் தூளுக்கு முப்பது வயதுத் தாய். முதியவர் எங்கே என்று தேடினால், தைல அட்டையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்!

விளம்பரம் எடுப்பவருக்குக் கிடைப்பது அரை நிமிடம். பார்த்தவுடன் ஆள் இன்னார் என்று புரிய வேண்டும். ஆகவே ஏற்கெனவே நம் மனதில் உள்ள படத்தையே எடுத்துக்கொள்கிறார். 1990களில் வந்த தாரா எண்ணெய் விளம்பரத்தில், கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போகும் சிறுவன் ஜிலேபி என்றதும் திரும்பிவிடுவான். குழந்தை என்றால் அடமும் தீனியும்தான்! 2008இல் பெப்சி ‘யங்கிஸ்தான்’ என்று இளைஞர்களுக்குத் தனி நாடே உண்டாக்கியது. அங்கே யாரும் வாடகை கட்டுவதாகவோ கடன் அடைப்பதாகவோ தெரியவில்லை.

இதே படத்தை நாம் கல்லாவுக்குக் கொண்டுவரும்போதுதான் நட்டம். என் தவறையே சொல்கிறேன். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த சமயம். எழுபது தாண்டிய சில்லறை வியாபாரி ஒருவர் மகனுடன் வந்தார். புது பில் முறையை மகனைப் பார்த்தே விளக்கினேன். "அப்பாவுக்கு நிதானமாகச் சொல்லுங்கள் தம்பி" என்றும் சொன்னேன். பெரியவர், "பில் என் பேரில்தானே போடுகிறீர்கள் முதலாளி?" என்றார், அவ்வளவுதான். மறுவாரம் முதல் பருப்பும் சர்க்கரையும் வேறு மண்டியில் எடுத்தார். மகன் பிறகு சொன்னான்: வீட்டில் கணக்கு முழுவதும் அப்பாதான், இவனுக்கு அதில் ஒன்றும் தெரியாதாம். எனக்கும் அப்போது அறுபதை நெருங்கும் வயது என்பதுதான் வேடிக்கை.

அதே 2017இல், ஐ.பி.எல். நடந்தபோது வந்த வோடபோன் விளம்பரங்களில் ஒரு முதிய தம்பதி கோவாவைச் சுற்றிக்கொண்டே செல்போனில் இன்டர்நெட் பயன்படுத்துவார்கள். நடித்தவர்கள் சென்னைப் பரதநாட்டியக் கலைஞர்கள் வி.பி. தனஞ்செயனும் அவர் துணைவியார் சாந்தாவும். அவர் 1939இல் பிறந்தவர். அந்த விளம்பரத்தை நானும் ரசித்தேன், கல்லாவில் மறந்துவிட்டேன்.

இப்போது விதியும் இருக்கிறது. 1985இல் தொடங்கிய இந்திய விளம்பரத் தரக் கவுன்சில், வயதைக் காட்டி இழிவுபடுத்தக் கூடாது என்று 2022இல் தன் நெறிமுறையில் சேர்த்தது. ஆனால் நம் கல்லாவுக்கு எந்தக் கவுன்சிலும் வராது.

ஆகவே ஒரு வாரம், எந்த வயதுக்காரர் என்ன வாங்குகிறார் என்று துண்டுத் தாளில் குறித்துப் பாருங்கள். மேலே சொன்ன மளிகைக் கடைக்காரரைக் குறிக்கச் சொன்னேன். நூடுல்ஸ் வாங்கியவர்களில் தனியாக வசிக்கும் பென்ஷன்காரர்கள் நாலைந்து பேர். வரகும் சாமையும் கேட்டவர்களில் பாதிப் பேர் கல்லூரிப் பிள்ளைகள். அவர் நூடுல்ஸை மேல்தட்டிலிருந்து கைக்கெட்டும் தட்டுக்கு இறக்கிவிட்டார். வரகு இன்னும் அரை மூட்டை வேண்டும் என்று எனக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.