வடக்கை வச்சுட்டு அப்புறம் ரெண்டர் போடு, கண்ணு

பனியன் கம்பெனிக்கு பிளான் போடறே, ஓனர் சாயங்காலத்துக்குள்ள 3டி கேக்கறாரு. அவசரம் புரியுது. அதுக்காக வடக்கு வைக்கறதைத் தள்ளிப் போடாதே. ஷேடு பாக்கறவங்களுக்கு கூசாத வெளிச்சம் வேணும்னுதான் செக்கிங் பக்கம் கண்ணாடியை வடக்கே வைக்கறோம். மாடல்ல திசை தப்பினா மேற்கு வெயில் நேரா டேபிள் மேல விழும், கலர் மாறித் தெரியும்.

1. முதல்ல ஊரை மாத்து. ஸ்கெட்ச்அப் புது ஃபைல் அமெரிக்காவுல போல்டர்ங்கற ஊர்ல நிக்கும். அது 40 டிகிரி வடக்கு, திருப்பூர் 11. நேரம் +5:30 இருக்கான்னும் பாத்துடு.

2. சைட் கோணலா இருக்குன்னு மாடலைச் சுத்தாதே, கிரிட்டும் லிங்க் ஃபைலும் குழம்பிடும். ரெவிட்ல பிராஜெக்ட் நார்த் வரையறதுக்கு, ட்ரூ நார்த் வெயிலுக்கு. சைட் பிளான் வியூவை ட்ரூ நார்த்துக்கு மாத்திட்டு, மேனேஜ் டேப்ல பொசிஷன் போய் 'ரொட்டேட் ட்ரூ நார்த்' குடு. அவ்வளவுதான்.

3. போன் காம்பஸை நம்பாதே. கம்பிக்கட்டும் தகர ஷெட்டும் பக்கத்துல இருந்தா முள்ளு இழுத்துக்கும். சாட்டிலைட் மேப்பை வடக்கு மேலே இருக்கற மாதிரி வச்சு, காம்பவுண்டு சுவர் கோணத்தை அளந்துக்கோ. சந்தேகமா? சைட்ல குச்சியை நேரா நட்டு, சுத்தி வட்டம் போடு. காலைல நிழல் நுனி வட்டத்தைத் தொடற இடத்தையும், மதியத்துக்கு மேல தொடற இடத்தையும் சேத்தா கிழக்கு மேற்கு வந்துடும். ஸ்தபதிகளோட பழைய முறை, இன்னிக்கும் தப்பாது.

12 மணி நிழலை மட்டும் புடிக்காதே. நம்ம கடிகாரம் 82.5 டிகிரி ரேகைக்கு ஓடுது, நாம 77.3ல இருக்கோம். இங்க சூரியன் உச்சிக்கு வர சராசரியா 12.20 ஆகும். ஜூன்ல அந்த இருபது நிமிஷத்துக்கே நிழல் இருபது டிகிரிக்கு மேல விலகிடும்.

4. வடக்குக் கண்ணாடில வெயிலே படாதுங்கறது வெளிநாட்டுப் புத்தகப் பாடம். இங்க ஏப்ரல் கடைசில இருந்து ஆகஸ்ட் கடைசி வரைக்கும் மத்தியானச் சூரியன் நமக்கு வடக்கேதான். ஜூன் 21க்கும் நிழல் ஓட்டிப் பாத்து சன்ஷேடு வை.

5. கடைசியா டிசம்பர் 21, 12.20க்கு நிழலை வை. நேரா வடக்கே விழலைன்னா எங்கயோ தப்பு. சோலார் பேனல்காரருக்கு ஃபைல் போறதுக்கு முன்னாடியே திருத்திடு. அவர் இதை வச்சுத்தான் தெற்கைப் பாத்து பேனல் அடுக்குவாரு.