பழைய கேமராவுக்கு நல்ல விலை
திண்டுக்கல் வட்டாரத்தில் பயன்படுத்திய கேமராவை வாங்கும் கடைக்காரர் மறுவிற்பனை லாபத்தைக் கழித்தே விலை சொல்வார் என்பதால், அதைத் திருமண ஸ்டூடியோக்காரரிடம் நேரடியாக விற்பதே மேல். ஆவணி, தை முகூர்த்தங்களுக்கு அவர்கள் ஆயத்தமாகும் ஆடி, மார்கழிக் கடைசியே அதற்கு உகந்த காலம். வாங்குபவர் முதலில் கேட்பது ஷட்டர் எண்ணிக்கை, அதாவது ஒளியை உள்ளே விடும் திரை இதுவரை எத்தனை முறை திறந்து மூடியது என்ற கணக்கு. கேனான் 5டி மார்க் 3 கேமராவின் ஷட்டர் 1,50,000 முறைக்குச் சோதிக்கப்பட்டதாகையால், அதில் 40,000 காட்டினால் தயங்காமல் விலை பேசலாம். லென்ஸின் பின்புறம் டார்ச் அடித்துப் பார்க்கையில் சிலந்தி நூல் போன்ற பூஞ்சை தெரிந்தால், அதை முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் நேர்மை. ஓஎல்எக்ஸ் வழியாக விற்போர், யுபிஐயில் பணம் பெற ரகசிய எண் (PIN) தேவையில்லை என்பதை நினைவில் வைத்து, அதைப் பதியச் சொல்பவரிடம் பேச்சை அத்துடன் நிறுத்திவிட வேண்டும்.