மச்சு பிச்சுவுக்கு எந்த வழியாக நடப்பது?

நான்கு நாள் நடை, கூடாரம், நாலாயிரம் மீட்டர் கணவாய் என்றெல்லாம் கேட்டதும், "நமக்கு இது ஒத்துவராது" என்று முடிவுகட்டி, ரயிலேறி, பேருந்து மாறி மச்சு பிச்சுவைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் நிறைய. அந்த இரண்டுக்கும் நடுவில் இன்னொரு வழி இருக்கிறது. ஒரே நாள் நடந்து, இன்காக்களின் கல்பாதை வழியாகவே அந்த நகரத்துக்குள் இறங்கலாம். பெரு நாட்டில் இதைக் குட்டி இன்கா பாதை என்கிறார்கள். சாதாரண உடல்வாகும் சுமாரான முழங்காலும் உள்ள பெரும்பாலோருக்கு என் சிபாரிசு இதுதான். எல்லோருக்கும் இல்லை, அதையும் சொல்கிறேன்.

ஒயான்டைடம்போ ஊரிலிருந்து காலை ரயில். உருபம்பா ஆற்றை ஒட்டிப் போகிற வண்டி, 104-ஆவது கிலோமீட்டர் கல் அருகே சற்று நேரம் நிற்கும். ஊரும் கிடையாது, கடையும் கிடையாது. இறங்கி, ஆற்றுக்கு மேல் கட்டிய நடைபாலத்தைக் கடந்தால் சோதனைச் சாவடி. பாஸ்போர்ட் எண்ணும் அனுமதிச் சீட்டில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். முன்பதிவுக்குப் பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருந்தால், கிளம்புவதற்கு முன்பே நடையை ஏற்பாடு செய்த பயண நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள்.

பாலம் தாண்டியதும் சச்சபம்பா என்ற சிறிய இடிபாடு. அதன் பிறகு ஏற்றம்தான். முதல் சில மணி நேரம் மலைச்சரிவில் நிழலே இருக்காது. தொப்பி இல்லாமல் வந்தவர் பாடு திண்டாட்டம். கீழே ரயில் புழுவாக ஊர்ந்து போவது தெரியும். வழியில் ஓர் அருவி வரும். அதைத் தாண்டினால் விஞாய் வாய்னா. செங்குத்தான சரிவில் வளைந்து வளைந்து இறங்கும் படிக்கட்டு வயல்கள். மேலே ஒரு வீட்டுத் தொகுதி, கீழே ஒன்று. இரண்டையும் இணைக்கும் நீண்ட படிவரிசையை ஒட்டி, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நீர் விழும் கல்தொட்டிகள். மச்சு பிச்சுவின் நெரிசல் இங்கே இல்லை. ரயிலில் வருகிறவர்கள் இதைப் பார்க்கவே முடியாது, நடந்தால்தான் உண்டு. இந்த வழியைத் தேர்ந்தெடுக்க எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

அங்கிருந்து காட்டுக்குள் ஓரளவு சமதளப் பாதை. கடைசியில் கையூன்றி ஏறவேண்டிய செங்குத்துப் படிகள், அப்புறம் சூரிய வாசல் எனப்படும் இன்டி புங்கு. அதன் வழியே பார்த்தால் கீழே நகரம். மொத்தம் ஏறக்குறைய 12 கிலோமீட்டர். நின்று நிதானமாகப் போனால் ஆறேழு மணி நேரம். நான்கு நாள் நடையாளர்கள் இந்த வாசலுக்கு விடியற்காலையில் வந்து, பல நாள் வெறும் மூட்டத்தைப் பார்த்துவிட்டு இறங்குவார்கள். குட்டிப் பாதையில் வருகிறவர்கள் பிற்பகலில் சேர்வதால் பெரும்பாலும் மேகம் விலகியிருக்கும்.

இதையே ஒரு நாளில் முடித்து இரவே குஸ்கோ நகருக்குத் திரும்பும் திட்டமும் விற்கிறார்கள். வேண்டாம். நகரத்தைக் கண்ணால் தொட்டுவிட்டு ரயிலுக்கு ஓடவேண்டி வரும். இரண்டு நாள் திட்டத்தில் இரவு அடிவாரத்து அகுவாஸ் காலியன்டெஸில் விடுதி. மறுநாள் காலை பேருந்தில் ஏறி, வழிகாட்டியோடு உள்ளே நிதானமாகச் சுற்றலாம். அதற்கான தனி நுழைவுச் சீட்டும் விலையில் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கூடாரம் கிடையாது, சுமைதூக்கிகளும் கிடையாது. முதுகுப்பை உங்கள் பொறுப்பு.

நான்கு நாள் பாதை யாருக்கு? நடப்பதே நோக்கம் என்பவர்களுக்கு. 82-ஆவது கிலோமீட்டரில் தொடங்கி சுமார் 43 கிலோமீட்டர். உச்சக் கணவாய் 4,215 மீட்டர். ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. வழிகாட்டிகளும் சுமைதூக்கிகளும் அதற்குள்ளேயே அடக்கம் என்பதால், பயணிகளுக்கு மிஞ்சுவது பாதியை எட்டாது. சீசனுக்குப் பல மாதம் முன்பே தீர்ந்துவிடும். பிப்ரவரி முழுக்கப் பராமரிப்புக்காக மூடியிருக்கும்.

சால்கன்டாய் வேறு ரகம். பனிமலை ஓரமாக 4,600 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும் பாதை. காட்சிக்குக் குறைவில்லை, ஆனால் வழியில் இன்கா இடிபாடுகள் சொற்பம். அனுமதி கிடைக்காதவர்களிடம் இதை "மாற்று இன்கா பாதை" என்று விற்பவர்கள் உண்டு. ஒரே கேள்வி கேளுங்கள்: 82-இல் தொடங்குகிறதா, 104-இல் தொடங்குகிறதா? இரண்டும் இல்லையென்றால் பெரும்பாலும் அது இன்கா பாதை இல்லை.

குட்டிப் பாதைக்கும் தினசரி வரம்பு உண்டு, அதுவும் தீரும். அப்போது உச்சுய் கோஸ்கோவை யோசியுங்கள். உருபம்பா பள்ளத்தாக்குக்கு மேலே 3,600 மீட்டர் உயரத்தில், அடியில் கல்லும் மேலே மண்செங்கலுமாக நிற்கும் பழைய குடியிருப்பு. அனுமதிக்கு அடிதடி இல்லை, கூட்டமும் இல்லை. லமாய் ஊரிலிருந்து ஏறி, அதே நாளில் இறங்கிவிடலாம். உயரம் பழகாதவர்களுக்கு மட்டும் மூச்சு வாங்கும்.

சோக்கேகிராவ் என்ற இன்கா இடிபாடு தனிமைக்குப் பேர்போனது. பெரும்பகுதி இன்னும் காட்டுக்குள் புதைந்து கிடக்கிறது. சுவர்களில் வெள்ளைக்கல் பதித்த லாமா உருவங்கள் அத்தனை அழகு. ஆனால் அபுரிமாக் ஆறு வரை ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் இறங்கி, எதிர்க்கரையில் அதே அளவு ஏறி, அதே வழியில் திரும்பவேண்டும். குறைந்தது நான்கு நாள். முழங்கால் வலி உள்ளவர்கள் பக்கமே போகக்கூடாது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் உயரத்தை மறக்காதீர்கள். குஸ்கோ நகரம் 3,400 மீட்டர்; மச்சு பிச்சுவோ 2,430தான். தலைவலியும் வாந்தியும் படுத்துவது பெரும்பாலும் விமானம் வந்திறங்கும் குஸ்கோவில்தான், குட்டிப் பாதையில் அல்ல. இறங்கியதும் நேராகப் பள்ளத்தாக்குக்குப் போய், ஒயான்டைடம்போ பக்கம் இரண்டு இரவு தங்கிவிட்டு நடையைத் தொடங்குங்கள். மே முதல் செப்டம்பர் வரை மழை குறைவு. ஊன்றுகோலுக்கு ரப்பர் முனை கட்டாயம். வெறும் இரும்பு முனையைக் கல்பாதையில் அனுமதிப்பதில்லை. விடுதிகளில் கோகா இலைத் தேநீர் தருவார்கள், அங்கேயே குடித்துவிடுங்கள். அந்த இலையை இந்தியாவுக்குக் கொண்டுவருவது சட்டப்படி குற்றம்.

இன்னொன்றைப் பலர் கடைசி நேரத்தில்தான் கேள்விப்படுகிறார்கள். பெரு, மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. தடுப்பூசிச் சான்று இல்லாமல் அங்கிருந்து திரும்பினால் இந்திய விமான நிலையத்தில் தனிமைப்படுத்திவிடுவார்கள். சென்னைக்காரர்கள் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போட்டுக்கொள்ளலாம். சான்று செல்லுபடியாக ஊசி போட்டு பத்து நாள் ஆகவேண்டும். எனவே பயணச்சீட்டு எடுத்த கையோடு அதற்கும் நாள் குறித்துவிடுங்கள்.