மாதிரி ரயில் நிலையம் கட்டுவது எப்படி: சுருக்க வேண்டியதும் சுருக்கக் கூடாததும்

ஐ.சி.எஃப். வகை ரயில் பெட்டி ஒன்றின் நீளம் பஃபரோடு சேர்த்து ஏறத்தாழ 22.3 மீட்டர். அப்படி 24 பெட்டிகள் கோத்தால் 535 மீட்டர் வரும். மாதிரி ரயில் ஆர்வலர்கள் அதிகம் கையாளும் எச்ஓ அளவில், அதாவது அசலில் 87-ல் ஒரு பங்காக, இதைச் செய்தால் எஞ்சினைச் சேர்க்காமலே ஆறு மீட்டரைத் தாண்டிவிடும். அந்த ரயில் நிற்க ஒரு நடைமேடை, அதன் இரு முனைகளிலும் பாதை பிரியும் இடம் என்று போட்டால் வீட்டின் கூடம் முழுவதும் போதாது. ஆகவே ரயில் நிலையம் செய்பவர் எவரும் எதையாவது சுருக்கியே ஆக வேண்டும். எதைச் சுருக்குவது என்பதில்தான் ஒரு கட்டடம் நிஜமாகத் தெரிவதும் பொம்மையாகத் தெரிவதும் இருக்கிறது. என் கருத்தில் இதற்கு ஒரே விதி போதும்: மனிதனின் கையும் உடம்பும் படுகிற எதையும் சுருக்கக் கூடாது, மனிதன் நடந்து கடக்கிற எதையும் சுருக்கலாம். கதவு, படி, கைப்பிடி, பெஞ்சு, கொத்தனார் கையில் எடுக்கும் செங்கல், ஓடு எல்லாம் முதல் வகை. நடைமேடையின் நீளம், அறைகளின் எண்ணிக்கை, கட்டடத்துக்குப் பின்னால் உள்ள முற்றம் எல்லாம் இரண்டாம் வகை. ஒரு நிலையம் எத்தனை மீட்டர் நீளம் என்பது யார் நினைவிலும் இருப்பதில்லை. ஆனால் கதவு தன் தலைக்கு மேல் எவ்வளவு உயரம் என்பது எல்லோருக்கும் தெரியும். கண் அந்தக் கதவை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் அளக்கிறது.

அளவு என்றால் அளவுதான், ஒன்றைச் சுருக்கி ஒன்றை விட்டுவைப்பது ஏமாற்று என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்குப் பதில் தண்டவாளத்திலேயே இருக்கிறது. இந்திய மீட்டர்கேஜில் அனுமதிக்கப்படும் மிகக் கூர்மையான வளைவு 16 டிகிரி. அதன் ஆரம் ஏறத்தாழ 109 மீட்டர். எச்ஓ அளவில் அது 1.25 மீட்டர் ஆரம். வீட்டு மேசைகளில் போடப்படும் வளைவோ பெரும்பாலும் அரை மீட்டருக்கும் குறைவு. அகலப்பாதை ரயிலை எச்ஓ அளவில் செய்பவர்கள் 19.3 மி.மீ. இடைவெளி வேண்டிய இடத்தில் கடையில் கிடைக்கும் 16.5 மி.மீ. பாதையில்தான் ஓட்டுகிறார்கள். பிரிட்டனின் ஓஓ அளவே 76-ல் ஒரு பங்கு வண்டியை 87-ல் ஒரு பங்குக்கான பாதையில் ஓடவிட்ட சமரசம்தான். வளைவிலும் பாதையிலும் விட்டுக்கொடுத்த பிறகு கட்டடத்தில் மட்டும் கறார் காட்டுவதில் பொருளில்லை. 1955-ல் திறந்த டிஸ்னிலேண்டின் முதன்மைத் தெருவில், மக்கள் நுழையும் கீழ்த்தளத்தைவிட மேல்தளங்கள் சிறிய அளவில் கட்டப்பட்டன. வால்ட் டிஸ்னி தன் வீட்டுத் தோட்டத்திலேயே ஆள் ஏறிச் செல்லும் மாதிரி ரயில் ஓட்டியவர். ஆள் நுழையும் கதவையும் ஆள் எட்டாத ஜன்னலையும் ஒரே அளவில் வைக்கத் தேவையில்லை என்பதற்கு அந்தத் தெரு நல்ல சான்று.

எடுத்துக்காட்டாக, நீலகிரி மலை ரயில் பாதையில் நிற்கக்கூடிய ஒரு சிறு நிலையத்தை எடுத்துக்கொள்வோம்: சாய்ந்த ஓட்டுக் கூரை, முன்னால் தூண்கள் வைத்த தாழ்வாரம், இரண்டு அறைகள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-லும் உதகைக்கு 1908-லும் ரயில் போன அந்த மீட்டர்கேஜ் பாதை முதல் கட்டடத்துக்கு ஏற்றது. ரயில் குட்டை, நிலையம் சிறியது. ஆகவே சுருக்கமும் குறைவாகவே தேவைப்படும். மீட்டர்கேஜ் எச்ஓ அளவில் 11.5 மி.மீ. வரும், சுவிட்சர்லாந்து மலை ரயில்களுக்காகச் செய்யப்படும் 12 மி.மீ. பாதை அதற்குப் போதும்.

முதல் வேலை அளவெடுப்பது. நிலைய அதிகாரியிடம் கேட்டுக்கொண்டு, கட்டடத்தை நேர் எதிரே நின்று, கேமராவைச் சாய்க்காமல் படம் எடுக்க வேண்டும். படத்தில் ஒரு கதவு முழுதாகத் தெரிவது முக்கியம். அந்தக் கதவின் உயரத்தை மட்டும் டேப் வைத்து அளந்துகொண்டால், அதே சுவரில் உள்ள மற்றவற்றைப் படத்திலிருந்தே கணக்கிடலாம். 210 செ.மீ. கதவு அச்சிட்ட படத்தில் 3 செ.மீ. என்றால் படத்தின் ஒவ்வொரு செ.மீ.யும் 70 செ.மீ. என்றாகிறது. மாதிரி அளவுக்கு மாற்ற, அசல் செ.மீ. எண்ணிக்கையை 8.7-ஆல் வகுத்தால் மி.மீ. கிடைக்கும். அந்தக் கதவு 24 மி.மீ.; 90 செ.மீ. கைப்பிடி 10 மி.மீ.; 15 செ.மீ. படி 1.7 மி.மீ. இந்த எண்களை ஒரு காகிதத்தில் எழுதி வேலை மேசையில் ஒட்டிவைப்பது நல்லது. இவை கடைசிவரை மாறக் கூடாத எண்கள்.

அடுத்தது சுருக்குவது. தாழ்வாரத்தில் தூணுக்குத் தூண் 2.4 மீட்டர், மொத்தம் ஏழு கண்கள் என்றால் நீளம் 16.8 மீட்டர், மாதிரியில் 19 செ.மீ. இடம் 14 செ.மீ.தான் என்றால் பலர் ஏழு கண்களையும் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் நெருக்குகிறார்கள். தூண்களுக்கு நடுவே இரண்டு பேர் சேர்ந்து நுழைய முடியாத தாழ்வாரம் அப்படித்தான் உருவாகிறது. தூண் இடைவெளியைத் தொடாமல் இரண்டு கண்களை எடுத்துவிடுங்கள். ஐந்து கண்கள் 13.8 செ.மீ.யில் அடங்கும். எண்ணிக்கை ஒற்றைப்படையாகவே இருந்தால் நடுவில் கதவு அமைந்து முகம் மாறாது. ஆழத்தைக் குறைப்பதில் ஒரு பொறி இருக்கிறது. கூரையின் சாய்வு 30 டிகிரி என்றால், 7 மீட்டர் ஆழக் கட்டடத்தின் முகடு சுவருக்கு மேல் 2 மீட்டர் எழும். ஆழத்தை 5 மீட்டராக்கினால் 1.4 மீட்டர்தான் எழும். மாதிரியில் முகடு ஆறு மி.மீ.க்கு மேல் இறங்கிவிடுகிறது. ஓட்டுக் கட்டடத்தின் கம்பீரமே அதன் கூரைதான் என்பதால் இந்த இழப்பு உடனே தெரியும். முகட்டைக் காப்பாற்றச் சாய்வைக் கூட்டினால் அது ஐரோப்பிய வீடாகிவிடும். ஆகவே முன்பக்கச் சரிவை முழுதாக வைத்து, முகட்டுக்குப் பின்னால் வெட்டிவிட்டு, கட்டடத்தைப் பின்திரையோடு ஒட்டி நிறுத்துவதே சரி. பின்சரிவு எப்படியும் யார் கண்ணிலும் படப்போவதில்லை.

இப்போதும் நல்ல பொருளில் கைவைக்க வேண்டாம். பழைய அட்டைப்பெட்டியை வெட்டி, செல்லோடேப் போட்டு, அதே அளவில் ஒரு வெற்றுக் கட்டடம் செய்து இடத்தில் வைத்துப் பாருங்கள். உங்களிடம் உள்ள மிக நீளமான பெட்டியை இரு திசையிலும் ஓட்டுங்கள். வளைவில் பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கமும் முனை வெளிப்பக்கமும் தள்ளிக்கொண்டு வரும்; நடைமேடை விளிம்போ தாழ்வாரத் தூணோ இடித்தால் இந்தக் கட்டத்திலேயே தெரிந்துவிடும். வழக்கமாக எங்கே நின்று பார்ப்பீர்களோ அங்கே நின்று, கண்ணை ரயிலின் உயரத்துக்குத் தாழ்த்தியும் பாருங்கள். இந்த அட்டைக் கட்டடத்தை ஒரு வாரம் அங்கேயே விட்டுவைப்பது வீண் இல்லை.

பெட்டியில் கிடைக்கும் பிளாஸ்டிக் கட்டடத் தொகுப்பை வாங்கி ஒட்டினால் இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்தத் தொகுப்புகளின் ஜன்னல் சட்டங்களைப் போல நேர்த்தியாகக் கையால் வெட்டுவது கடினம். ஆனால் அவை பெரும்பாலும் ஜெர்மன், அமெரிக்க, பிரிட்டிஷ் ஊர்களின் கட்டடங்கள். பனி வழியும் செங்குத்துக் கூரை உண்டு. வெயிலுக்கும் மழைக்கும் இறக்கிய தாழ்வாரம் இருக்காது. ஆகவே தொகுப்பை மூலப்பொருளாக மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: ஜன்னல், கதவு, கைப்பிடி ஆகியவற்றைப் பிரித்தெடுத்து, சுவரும் கூரையும் நாமே செய்யலாம். அப்போதும் அளவைப் பார்த்து வாங்க வேண்டும். பிரிட்டிஷ் ஓஓ தொகுப்பில் 210 செ.மீ. கதவு 27.6 மி.மீ. இருக்கும், 19 மி.மீ. மனித உருவத்துக்குப் பக்கத்தில் அது கோயில் கதவாகத் தெரியும். அந்தத் தொகுப்பின் வெற்றுச் சுவர் உதவும், கதவு உதவாது. முப்பரிமாண அச்சு எந்திரம் வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்குதான். வெட்டுகிற வேலையை அது செய்யும். எந்தக் கண்ணை எடுப்பது, எந்த எண்ணை மாற்றாமல் வைப்பது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

சுவருக்கு 3 மி.மீ. சன்போர்டு வசதியானது. 23 செ.மீ. செங்கல் சுவர் எச்ஓ அளவில் 2.6 மி.மீ. வரும் என்பதால், தடிமன் கிட்டத்தட்டப் பொருந்திவிடும். தொகுப்புச் சுவர்கள் பல 1 மி.மீ. அளவுக்குத்தான் இருக்கும், ஜன்னல் திறப்பின் ஓரத்தில் அந்த மெலிவு காட்டிக்கொடுத்துவிடும். பழைய கட்டடங்களில் ஜன்னல் சுவருக்குள் பதிந்து, விளிம்பில் நிழல் விழும். அந்த நிழல்தான் சுவருக்குக் கனம் தருகிறது. புது பிளேடு போட்ட கட்டரும் ஸ்டீல் ஸ்கேலும் வைத்து, ஒரே அழுத்தில் வெட்டாமல் நான்கைந்து முறை மெதுவாக இழுங்கள். திறப்புகளை முதலில் வெட்டிவிட்டு, சுவரின் வெளிவிளிம்பைக் கடைசியாக வெட்டினால் துண்டு நெளியாது. மூலைகளை மூலைமட்டம் வைத்து ஒட்ட வேண்டும். தெர்மாகோலைத் தவிர்ப்பது நல்லது. ஃபெவிக்விக்கும் ஸ்ப்ரே பெயின்ட்டும் அதைக் கரைத்துவிடும். செங்கல் தெரிய வேண்டிய இடத்தில் வரிக்கு வரி 1 மி.மீ. கோடு கீறுங்கள். செங்கல்களுக்கு நடுவே உள்ள ஒரு செ.மீ. சாந்து இந்த அளவில் 0.1 மி.மீ.தான் என்பதால் ஊசி முனையால் லேசாக ஒரு கீறல் போதும். ஆழமாகக் கீறிய சுவர் செங்கலாகத் தெரியாது, கருங்கல் அடுக்காகத் தெரியும்.

கூரைக்கு ஒதுக்கும் நேரம் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக இருக்க வேண்டும், ஏனென்றால் மாதிரியை நாம் பெரும்பாலும் மேலிருந்தே பார்க்கிறோம். மங்களூரில் பாசல் மிஷன் 1865-ல் தொடங்கிய ஓட்டுத் தொழிலிலிருந்து பரவிய ஓட்டின் நீளம் ஏறத்தாழ 41 செ.மீ., அகலம் 23 செ.மீ.; ஒன்றன் மேல் ஒன்று ஏறியபின் வெளியே தெரிவது சுமார் 32-க்கு 20 செ.மீ. மாதிரியில் 3.7-க்கு 2.3 மி.மீ. ஓவியத் தாளை 5 மி.மீ. அகல நாடாக்களாக வெட்டி, கீழ்விளிம்பில் 2.3 மி.மீ.க்கு ஒரு சிறு வெட்டுக் கொடுங்கள். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஒவ்வொரு ஓட்டிலும் நீளவாக்கில் அழுத்திக் கோடு போட்டால் ஓட்டின் வரம்பு எழும்பிவிடும். பிறகு இறவாரத்திலிருந்து முகட்டை நோக்கி, 3.7 மி.மீ.க்கு ஒரு வரிசையாக ஃபெவிகாலில் ஒட்டிக்கொண்டே போக வேண்டும். 4 மீட்டர் சரிவுக்கு 12 அல்லது 13 வரிசை, வரிசைக்கு 60 ஓடு. ஒரு சரிவுக்கே எழுநூறைத் தாண்டும். பொறுமை வேண்டிய வேலைதான். ஆனால் அச்சிட்ட ஓட்டுத் தாளை ஒட்டினால் இறவாரத்தில் பல்வரிசை போன்ற விளிம்பு வராது, அதன் நிழலும் சுவரில் விழாது. கடைசி வரிசை சுவரை விட்டு 5 மி.மீ. வெளியே நீளட்டும். முகட்டுக்குத் தாளைப் பாதிக் குழலாக உருட்டி ஒட்டலாம்.

வண்ணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பளபளப்பில்லாத அக்ரிலிக் மட்டும் பயன்படுத்துங்கள். அசலைவிட ஒரு படி வெளிறிய நிறம் மாதிரியில் சரியாகத் தெரியும். ஓடு முழுவதையும் ஒரே சிவப்பில் அடிக்காமல், மங்கிய செம்பழுப்பு அடித்து, நீர்த்த கருப்பை மேலே ஓடவிட்டு, உலர்ந்தபின் அங்கங்கே ஐந்தாறு ஓடுகளை மட்டும் புதுச் சிவப்பாகத் தொடுங்கள். உடைந்த ஓட்டை மாற்றிய கூரை அப்படித்தான் இருக்கும். சுவரின் அடியில் 5 முதல் 7 மி.மீ. வரை மண்ணின் நிறத்தை ஈரத் தூரிகையால் ஏற்றினால் மழை தெறித்த கறை வந்துவிடும்.

கட்டடத்தை நிலத்தின் மேல் வைக்கக் கூடாது, நிலத்துக்குள் இறக்க வேண்டும். சுவருக்கும் தரைக்கும் நடுவே ஒரு முடி அகல வெளிச்சக் கோடு தெரிந்தாலும் இதுவரை செய்த எல்லாம் அட்டைப்பெட்டியாகத் தெரியும். சுவர்களை 2 மி.மீ. கூடுதல் உயரமாக வெட்டி, அந்த அளவுக்குத் தரையில் பள்ளம் தோண்டி இறக்கிவிட்டு, சலித்த மண்ணையும் நீர்த்த ஃபெவிகாலையும் விளிம்பில் நிரப்புங்கள். முதலில் சொன்ன விதிக்குப் பின்னணிக் காட்சியில் மட்டும் ஒரு விலக்கு உண்டு. தூரத்துத் தேயிலைச் சரிவில் நிற்கும் வீட்டைக் கதவு உட்பட முழுதும் 160-ல் ஒரு பங்காகச் செய்தால் மலை பின்னால் தள்ளிப் போனதுபோலிருக்கும். ஆனால் அந்த வீட்டையும் நிலையத்தையும் ஒரே பார்வையில் இணைக்கும் சாலையோ வேலியோ இருக்கக் கூடாது. நடுவே ஒரு மரக்கூட்டம் வேண்டும்.

விளக்கு வைப்பதானால் சுவர்களின் உள்பக்கத்துக்கு முதலில் கருப்பு அடித்துவிடுங்கள், இல்லையென்றால் வெளிச்சம் சுவர் வழியே கசியும். 12 வோல்ட் இணைப்பில் மஞ்சள் சாயல் கொண்ட வெள்ளை எல்இடி ஒன்றுக்கு 1,000 ஓம் மின்தடை போட்டால் 9 மில்லியாம்பியர்தான் ஓடும். மலை நிலையத்துக்கு அந்த மங்கல் போதும். எல்லா அறைகளிலும் விளக்கெரிய வேண்டியதில்லை, நிலைய அதிகாரியின் அறை ஒன்று போதும். எல்இடி பழுதானால் மாற்ற வேண்டிவரும் என்பதால் கூரையை ஒட்டாமல், சுவரின் உள்விளிம்பில் சிறு கட்டைகள் வைத்து அவற்றின் மேல் உட்காரும்படி விட்டுவிடுங்கள்.