ஆட்டோ இல்லாமல் சென்னை

கேள்வி: நானும் தோழியும் ஆட்டோ பிடிக்காமல் ஒரே நாளில் சென்னையைச் சுற்ற முடியுமா?
– வாசகி, தீர்த்தமலை

பதில்: தாராளமாக! அரூர் வழியே மொரப்பூர் போய் ரயிலேறினால் சென்ட்ரல்.

எதிரிலேயே பூங்கா நகர் பறக்கும் ரயில் நிலையம். 1995-இல் கடற்கரை–சேப்பாக்கம் இடையே தொடங்கி, பிறகு வேளச்சேரி வரை நீண்ட தடம் இது. ஜன்னலோரம் கிடைத்தால் பக்கிங்காம் கால்வாயும் (வாசனை தனி!) மொட்டைமாடித் துணிக்கொடிகளும் கண்முன்னே ஓடும். திருவல்லிக்கேணியில் இறங்கினால் பார்த்தசாரதி கோயிலும் மெரினாவும் நடக்கிற தூரம்தான், திருமயிலையில் கபாலீசுவரர். சில நிலையங்கள் வெறிச்சோடிக் கிடக்கும். இருட்டுமுன் கிளம்புவது நல்லது.

மெட்ரோ, பேருந்து, மின்சார ரயில் மூன்றுக்கும் 2025 செப்டம்பரில் வந்த ‘சென்னை ஒன்’ செயலி உண்டு.

சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் இலவசம். கண்டக்டரிடம் இலவசச் சீட்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.