அலமாரியும் ஒரு கொப்பியும்

அன்புள்ள மகள்,

உன் கடிதம் கிடைத்தது. யட்டியாந்தோட்டைப் பக்கம் றப்பர்த் தோட்டப் பாடசாலைக்கு நியமனம் கிடைத்து மூன்று மாதம்தான் ஆகிறது. அதற்குள் மதியச் சாப்பாடு வராத நாட்கள் ஒன்பது என்று எண்ணி எழுதியிருக்கிறாய். ஆசிரியர் அறை மூலையில் கிடந்த பழைய அலமாரியைத் துடைத்து, உன் சம்பளத்தில் அரிசியும் பருப்பும் வாங்கி வைத்திருக்கிறாய். "இது என் வேலையா, சேர்?" என்று கேட்கிறாய். உன் வேலைதான். பசித்த பிள்ளைக்குப் பின்னம் ஏறாது என்பதை முப்பது வருடம் கரும்பலகை முன்னால் நின்று பார்த்தவன் நான்.

ஆனால் அலமாரியைத் திறப்பதற்கு முன் என் பிழை ஒன்றைக் கேள். இரத்தினபுரி மாவட்டத்தில் நான் படிப்பித்த ஒரு பாடசாலையில் காலைக் கூட்டத்திலே பெயர் கூப்பிட்டுப் பிள்ளைகளுக்குப் பணிஸ் கொடுத்தேன். நல்லது செய்வதாகவே நினைத்தேன். எட்டாம் தரத்துப் பெண்பிள்ளை ஒன்று இரண்டு நாள் வாங்கியது. மூன்றாம் நாள் பாடசாலைக்கே வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. லயத்துக்குப் போய்க் கேட்டபோது தாய் தலை நிமிரவில்லை. "சேர், எல்லாருக்கும் முன்னால கூப்பிட்டீங்களே" என்றாள். அந்தப் பிள்ளையின் படிப்பு அதோடு முடிந்தது.

ஆகையால் பட்டியல் போடாதே. யாருக்குப் பசி என்று கேட்காதே. அவித்த கடலையோ கௌபியோ இலைக்கஞ்சியோ, எதைக் கொடுத்தாலும் எல்லோருக்கும் ஒரே அளவாகக் கொடு. நீயும் அதிபரும் அதே கோப்பையில் குடியுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய பொதிகளைப் பத்தாம், பதினோராம் தரத்துப் பிள்ளைகளே நிறுத்துக் கட்டட்டும். கட்டுகிற கையும் வாங்குகிற கையும் ஒன்றானால் அங்கே பிச்சை என்ற சொல் எழாது. படம் எடுத்துப் போடவேண்டும் என்று நிபந்தனை வைக்கிற கொடையாளிக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடு. ஒரு மூட்டை அரிசி குறைந்தாலும் பரவாயில்லை.

எப்போது நிரப்புவது என்று கேட்டிருந்தாய். தோட்டத்துப் பசிக்கு நாட்காட்டி உண்டு. சம்பளம் பத்தாம் திகதி. மாதத்தின் முதல் வாரத்தில் கடைக் கடன் கொப்பி நிறைந்துவிடும், கடைக்காரர் கையை விரிப்பார், லயத்தில் ரொட்டியும் கட்டச் சம்பலும் வெறுந்தேத்தண்ணியும்தான். பத்தாம் திகதிக்கு முந்திய ஒன்பது நாளுக்குத்தான் அலமாரி. அடுத்தது மழை. விடிகாலையில் மழை பிடித்தால் றப்பரில் பால்வெட்டு இல்லை. வெட்டு இல்லாவிட்டால் அன்றைக்குப் பேர் விழாது, சம்பளமும் இல்லை. நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய் ஆனது, 2024இல் 1,350 ஆனது. பேர் விழாத நாளுக்கு அந்த எண்களால் என்ன பயன்? மே, ஜூன் மழைக்கு ஏப்ரலிலேயே சேர்த்துவை. பெப்ரவரியில் றப்பர் மரம் இலை கொட்டும்போதும் பால் குறையும்; அதையும் மறக்காதே. தேயிலை மலைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கைத் தொடுவதில்லை. கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்கள் அவர்கள் கண்ணுக்குத் தூரமாகிப் போயின.

கோதுமை மா வாங்காதே. பிள்ளைகள் வீட்டில் தின்பது அதைத்தான். பருப்பு, பயறு, நெத்தலி, முட்டை, தேங்காய் என்று பார். நம் பக்கத்து ஈரத்தில் பயற்றைச் சீக்கிரமே வண்டு பிடிக்கும். மூடியுள்ள பிளாஸ்டிக் வாளிகளில் போட்டு நிலத்திலிருந்து உயர்த்தி வை. சமைப்பதானால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. சுற்றிலும் சிங்களக் கிராமங்கள் இருக்கின்றன; பலாக்காயும் ஈரப்பலாவும் மரவள்ளியும் அங்கே காய்த்துக் கிடக்கும். விகாரைக்குப் போய்க் கேள். மாரியம்மன் கோவில் திருவிழா அன்னதானத்தில் மிஞ்சும் அரிசியைக் கேள். பிள்ளைக்காகக் கேட்கிறபோது கூச்சம் தேவையில்லை.

இனி முக்கியமானது. அலமாரிக்குள் ஒரு கொப்பி வை. சாப்பாடு வராத ஒவ்வொரு நாளும் திகதி, பிள்ளைகளின் எண்ணிக்கை, காரணம் மூன்றையும் எழுது. காரணம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். சமைத்துத் தருகிற தாய்மாருக்கு அரசின் பணம் பிந்தி வரும். மாதக்கணக்கில் பிந்தினால் அவர்களுக்குக் கடையில் கடன் கிடைக்காது, அடுப்பும் அணைந்துபோகும். மாத முடிவில் அதிபரின் கையொப்பத்தோடு ஒரு பிரதியை வலயக் கல்விப் பணிமனைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பு. நிறைந்த அலமாரியைப் பார்த்து 'இங்கே குறையில்லை' என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் வருவார்கள். அவர்கள் கையில் கொப்பியைக் கொடு.

இந்த நாட்டில் பிள்ளையின் சோற்றில் கை வைப்பது புதிதல்ல. 1953இல் ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமானபோது பாடசாலை மதிய உணவையும் நிறுத்தினார்கள். ஆகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் வந்தது, இரண்டு மாதத்தில் பிரதமர் பதவி விலகினார். 1973, 74இல் அரிசியும் மாவும் குறைந்தபோது தோட்டங்களில் ஆட்கள் பட்டினியால் செத்தார்கள். நான் அப்போது சின்னப் பையன். மரவள்ளிக் கிழங்குதான் மூன்று வேளையும். 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவு விலைகள் முந்திய வருடத்தைவிட 94.9 வீதம் கூடியிருந்தன. அதே வருடம் திரிபோஷாச் சத்துமாவும் தடைப்பட்டது. பணக்கார நாட்டிலும் இதே கதைதான். 2025 ஒக்டோபரில் அமெரிக்க அரசு முடங்கி, நவம்பரில் ஏறத்தாழ 4.2 கோடிப் பேரின் உணவு உதவி தடுமாறியபோது, பல்கலைக்கழக வளாகங்களின் உணவு அலமாரிகளைத் தேடி மாணவர்கள் போனார்கள். அப்படியொன்றை மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1993இலேயே மாணவர்கள் தொடங்கியிருந்தார்கள். உனக்கும் இது தெரியாத பாடமில்லை. பெலிஹுல்ஓயாப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது மகாபொலப் புலமைப்பரிசில் பணம் பிந்திய மாதங்களில் ஐந்து பேர் ஒரே பானையில் சமைத்துத் தின்றதாக நீயே சொல்லியிருக்கிறாய்.

கொப்பியில் இன்னொரு பக்கமும் ஒதுக்கு. 2024 மார்ச்சில் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் எல்லோருக்கும் சாப்பாடு என்று விரிவாக்கினார்கள். நல்ல காரியம், மனதார வரவேற்கிறேன். ஆனால் அது பெரும்பாலும் தரம் ஐந்தோடு நின்றுவிடுகிறது. ஆறாம் தரத்துப் பையன் தங்கை சாப்பிடுவதை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு நிற்பான். சாதாரண தரம் வரைக்கும் போகாமல் நம் பிள்ளைகள் ஏன் இடையில் விழுகிறார்கள் என்று ஆராய்கிறவர்கள் முதலில் அந்த ஜன்னலடியில் போய் நிற்கட்டும். எத்தனை பேர் அங்கே நிற்கிறார்கள் என்று நீ எழுதிவை.

இன்று முதலாம் திகதி. சம்பளத்துக்கு இன்னும் ஒன்பது நாள். நாளைக் காலை இரத்தினபுரியிலிருந்து அவிசாவளைக்கு வருகிற பஸ்ஸில் பத்துக் கிலோ பருப்பும் ஐந்து கிலோ பயறும் ஏற்றிவிடுகிறேன். கண்டக்டரிடம் உன் பெயரைச் சொல்லியிருப்பேன். ஆளனுப்பி இறக்கிக்கொள். அலமாரியில் வேறு என்ன குறைகிறது என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய ஆசிரியர்