கார் சீட்டும் தோல்தான்

படிக்கும் முன் யோசியுங்கள்

உங்கள் வீட்டில் எத்தனை பாட்டில்கள் இருக்கின்றன? எதில் எது இருக்கிறது என்று எழுதி ஒட்டியிருக்கிறீர்களா?

1. அக்கா ஏன் அழுதார்?

மும்பையில் தாராவி என்ற இடம் இருக்கிறது. அங்கே தமிழர்கள் நிறையப் பேர் வாழ்கிறார்கள். எங்கள் படிப்பு மையமும் அங்கேதான் இருக்கிறது. இரவு 8 மணிக்கு வகுப்பு தொடங்கும். இட்லி விற்கும் அம்மா வருவார். வீட்டு வேலை செய்யும் பெண்கள் வருவார்கள். கார் துடைக்கும் அக்கா ஒருவரும் வருவார்.

அந்த அக்கா விடியற்காலை 5 மணிக்கு வேலைக்குப் போவார். ஒரே பில்டிங்கில் 7 கார்களைத் துடைப்பார். மாதச் சம்பளம். அந்தப் பணத்தில்தான் அவர் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் நடக்கின்றன.

ஒரு நாள் அக்கா வகுப்புக்கு வந்தார். நோட்டைத் திறக்கவில்லை. அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தார்.

"என்ன அக்கா, என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"ஒரு சேட்டு வண்டியில குழந்தை ஜூஸைக் கொட்டிடுச்சு தம்பி. உள்ளேயும் துடைச்சிடுன்னு சொன்னாரு. என் பையில ரெண்டு வெள்ளை பாட்டில் இருந்துச்சு. ஒண்ணு ஷாம்பு. இன்னொண்ணு டயர் கழுவுற மருந்து. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். மாத்தி எடுத்துட்டேன். சீட்டுல ஊத்தி, பாத்திரம் தேய்க்கிற நாரால தேய்ச்சேன். துணியில பழுப்பா வந்துச்சு. அழுக்குன்னு நினைச்சு இன்னும் தேய்ச்சேன். வந்தது அழுக்கு இல்ல தம்பி. சாயம்!"

சீட்டில் உள்ளங்கை அகலத்துக்கு நிறம் போய்விட்டது. கார்க்காரர் கோபப்பட்டார். "சீட்டைச் சரி செய்து கொடு. இல்லாவிட்டால் நாளை முதல் வராதே" என்று சொல்லிவிட்டார்.

"ஒருத்தர் நிறுத்தினா மத்த ஆறு பேரும் நிறுத்திடுவாங்களே" என்று அக்கா அழுதார்.

2. அண்ணாச்சி கடையில்

தாராவியில் தோல் வேலை பழைய தொழில். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த தமிழர்கள் இங்கே தோல் பதனிட்டார்கள். இன்று பை, பெல்ட், ஜாக்கெட் தைக்கும் பட்டறைகள் பல இருக்கின்றன. ஒரு சந்தில் அண்ணாச்சி ஒருவர் கடை வைத்திருக்கிறார். பழைய தோல் சாமான்களுக்கு நிறம் ஏற்றிக் கொடுப்பார். மறுநாள் அக்காவை அவரிடம் அழைத்துக்கொண்டு போனேன்.

அக்கா நடந்ததைச் சொன்னார். அண்ணாச்சி திட்டவில்லை. ஒரு துண்டுத் தோலை எடுத்து அக்காவின் கையில் கொடுத்தார்.

"தொட்டுப் பாரு தங்கச்சி. அடியில பஞ்சு மாதிரி இருக்கா? அதுதான் தோலு. மேல வழவழன்னு இருக்கா? அது பூச்சு" என்றார்.

அவர் சொன்னதை நான் எழுதிக்கொண்டேன். அதுதான் இந்தப் பாடம்.

மாட்டுத் தோலை அப்படியே விட்டால் அழுகிவிடும். அழுகாமல் செய்வதற்குப் பெயர் பதனிடுதல். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்டார்கள். இப்போது பெரும்பாலும் குரோமியம் உப்புப் போட்டுப் பதனிடுகிறார்கள். பிறகு சாயம் ஏற்றுகிறார்கள். கார் சீட்டுத் தோலுக்கு மேலே நிறப் பூச்சு பூசுகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத ஒரு காப்புப் பூச்சு பூசுகிறார்கள்.

சீட்டுத் தோலின் கனம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். மேலே உள்ள காப்புப் பூச்சு ஒரு காகிதத்தின் கனம்கூட இருக்காது. நாம் துடைப்பது அந்தப் பூச்சைத்தான். அது போய்விட்டால் அடுத்தது நிறம் போகும். அதற்கு அடுத்தது தோல் வெடிக்கும்.

தோலுக்குக் கொஞ்சம் அமிலத் தன்மை உண்டு. சலவை சோடாவுக்கும் துணி சோப்புக்கும் காரத் தன்மை உண்டு. டயர் கழுவும் மருந்தில் காரம் இன்னும் அதிகமாக இருக்கும். காரம் பட்டால் பூச்சு கெடும்.

"நம்ம கைத்தோலும் அப்படித்தான் தங்கச்சி. சோடா போட்டுத் துணி துவைச்சா கை வறண்டு எரியுதுல்ல? சீட்டும் தோல்தான்" என்றார் அண்ணாச்சி.

3. தோலா, ரெக்சினா?

எல்லாக் கார் சீட்டும் தோல் இல்லை. நம் நாட்டில் பல கார்களில் இருப்பது ரெக்சின். அது துணியின் மேல் பிளாஸ்டிக் பூசிச் செய்தது. பார்ப்பதற்குத் தோல் போலவே இருக்கும். தோல் சீட் உள்ள காரிலும் உட்காரும் இடம் மட்டும் தோலாக இருக்கலாம். பக்கமும் முதுகுப்புறமும் ரெக்சினாக இருக்கலாம்.

ஓரத்தில் அடிப்பக்கம் தெரிந்தால் பாருங்கள். நார் நாராக இருந்தால் தோல். நெய்த துணி தெரிந்தால் ரெக்சின். காருடன் வரும் கையேட்டிலும் எழுதியிருக்கும். உரிமையாளரைக் கேட்டுக்கொள்ளலாம். சிலர் நெருப்பு வைத்துப் பார்ப்பார்கள். அது ஆபத்து. செய்யாதீர்கள்.

எது என்று தெரியாவிட்டால் தோல் என்றே நினைத்துக்கொண்டு மென்மையாகத் துடையுங்கள். ரெக்சினுக்கும் அது கெடுதல் இல்லை.

4. எப்படிச் சுத்தம் செய்வது?

தேவையான பொருள்கள்: தோலுக்கு என்றே விற்கும் மென்மையான சுத்தத் திரவம், மென்மையான பிரஷ், சுத்தமான மைக்ரோஃபைபர் துணிகள் மூன்று, ஒரு கிண்ணம் தண்ணீர், தோல் காப்புக் கிரீம்.

ஒன்று: காரை நிழலில் நிறுத்துங்கள். கதவுகளைத் திறந்து வையுங்கள். சீட் சூடாக இருந்தால் ஆறும் வரை பொறுங்கள்.

இரண்டு: முதலில் தூசியை எடுங்கள். தையல் இடுக்கில் மணல் இருக்கும். மணலோடு தேய்த்தால் சீட்டில் கீறல் விழும். தூசி உறிஞ்சும் மெஷின் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மென்மையான பிரஷால் தட்டி எடுங்கள்.

மூன்று: திரவத்தை முதலில் கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் போட்டுப் பாருங்கள். காயும் வரை காத்திருங்கள். துணியில் நிறம் வந்தால் நிறுத்திவிடுங்கள். அக்கா இதை மட்டும் செய்திருந்தால் ஓரத்தோடு போயிருக்கும்.

நான்கு: திரவத்தைச் சீட்டில் ஊற்றாதீர்கள். பிரஷில் எடுத்து நுரை வரச் செய்யுங்கள். அந்த நுரையால் சீட்டைச் சிறு சிறு வட்டமாக, அழுத்தாமல் தேயுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பகுதி மட்டும் செய்யுங்கள்.

ஐந்து: நுரை காய்வதற்குள் துடைத்துவிடுங்கள். ஈரத் துணியை நன்றாகப் பிழிந்து துடைக்க வேண்டும். பிறகு உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும்.

ஆறு: நிழலில் நன்றாகக் காய விடுங்கள். வெயிலில் காய வைக்காதீர்கள். தலைமுடி காய வைக்கும் மெஷினையும் பயன்படுத்தாதீர்கள். அதிகச் சூடு பட்டால் தோல் சுருங்கும்.

ஏழு: காய்ந்த பிறகு காப்புக் கிரீமை மெல்லியதாகத் தடவுங்கள். சற்று நேரம் கழித்து, மிச்சத்தைத் துடைத்து எடுங்கள். அதிகம் தடவினால் பிசுபிசுக்கும். தூசி ஒட்டும்.

தூசியை வாரம் ஒருமுறை துடைத்தால் போதும். இந்த ஏழு வேலையையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்யலாம்.

5. எதைச் செய்யக் கூடாது?

சலவை சோடா, துணி சோப்புத் தூள், பிளீச்சிங் பவுடர் ஆகியவற்றைப் போடாதீர்கள். பூச்சு கெடும்.

தின்னர், பெட்ரோல், நகப்பூச்சு அழிக்கும் திரவம் ஆகியவற்றைப் போடாதீர்கள். நிறம் கரையும்.

பாத்திரம் தேய்க்கும் நாரால் தேய்க்காதீர்கள். கீறல் விழும்.

தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். முதல் நாள் பளபளக்கும். பிறகு தூசி ஒட்டிக் கறுக்கும்.

ஷூ பாலிஷ் போடாதீர்கள். அது உட்காருபவர் உடையில் ஒட்டும்.

6. கறையும் பூஞ்சணமும்

டீயோ ஜூஸோ கொட்டினால் உடனே துணியால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் பரவும். தையல் ஓட்டைக்குள்ளும் இறங்கும்.

சூயிங்கம் ஒட்டினால் பிய்க்காதீர்கள். பிளாஸ்டிக் பையில் ஐஸ் போட்டு அதன் மேல் வையுங்கள். கெட்டியானதும் மெல்ல எடுங்கள்.

புது ஜீன்ஸ் துணியின் நீலச் சாயம் வெளிர் நிறச் சீட்டில் ஏறும். நாளானால் போகாது. சீக்கிரம் துடைக்க வேண்டும். காப்புக் கிரீம் தடவிய சீட்டில் சாயம் அவ்வளவு எளிதில் ஏறாது.

பேனா மை பட்டால் நீங்களே தேய்க்காதீர்கள். உரிமையாளரிடம் சொல்லுங்கள். தெரிந்தவர் பார்க்கட்டும்.

மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. அப்போது மூடியே கிடக்கும் காரில் பூஞ்சணம் பிடிக்கும். சீட்டில் வெள்ளையாகப் படரும். காரை வெளியே கொண்டுவந்து கதவுகளைத் திறந்து வையுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள். உலர்ந்த துணியால் துடைத்து, அந்தத் துணியைத் தனியே துவையுங்கள். பிறகு முன்பு சொன்னபடி சுத்தம் செய்து நன்றாகக் காய விடுங்கள். ஈரமான கால்மிதியைக் காருக்குள் விடாதீர்கள். பூஞ்சணத்துக்கு ஈரம்தான் உணவு கொடுக்கும் தாய்.

கோடையில் வேறு கவலை. வெயிலில் நிற்கும் காருக்குள் சூடு 60 டிகிரியைத் தாண்டலாம். தோல் வறண்டு வெடிக்கும். நிறம் மங்கும். நிழலில் நிறுத்துவதும், முன்கண்ணாடிக்கு உள்ளே மறைப்பு வைப்பதும் செலவில்லாத பாதுகாப்பு.

7. கவனம்!

சீட்டின் பக்கவாட்டில் 'ஏர்பேக்' என்று ஆங்கிலத்தில் ஒரு சிறு துணி தைத்திருக்கலாம். விபத்து நேர்ந்தால் அங்கிருந்துதான் காற்றுப்பை வெளியே வரும். உயிரைக் காக்கும். அங்கே தண்ணீர் ஊற்றக் கூடாது. அந்த இடத்தை மூடும் உறையும் மாட்டக் கூடாது.

சீட்டின் அடியில் மின்கம்பிகள் இருக்கும். மஞ்சள் நிறக் கம்பியைத் தொடாதீர்கள். அது காற்றுப்பைக்குப் போகும் கம்பி.

சில சீட்டுகளில் சிறு சிறு ஓட்டைகள் இருக்கும். சில கார்களில் உள்ளே காற்றாடியும் இருக்கும். அங்கே திரவம் இறங்கக் கூடாது. கிரீம் ஓட்டையை அடைக்கவும் கூடாது.

உங்கள் கையும் தோல்தான். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

8. பிறகு என்ன ஆயிற்று?

அண்ணாச்சி அக்காவுடன் போய்க் காரைப் பார்த்தார். "சீட்டை மாத்த வேண்டாம் சாப். மேல் நிறம்தான் போயிருக்கு. தோல் நல்லா இருக்கு" என்று கார்க்காரரிடம் சொன்னார். அதே நிறத்தைக் கலந்து பூசி, மேலே காப்புப் பூச்சும் பூசினார். உற்றுப் பார்த்தால் மட்டும் வித்தியாசம் தெரிந்தது.

"உள்ளே எப்படித் துடைக்கணும்னு நானும் சொல்லலையே" என்றார் கார்க்காரர். பாதிச் செலவை அவர் ஏற்றுக்கொண்டார். மீதிப் பாதியை அக்கா இரண்டு மாதத்தில் கொடுத்துத் தீர்த்தார். அந்த இரண்டு மாதமும் வீட்டில் கஷ்டம்தான். ஆனால் 7 கார்களும் அவர் கையைவிட்டுப் போகவில்லை.

அன்று இரவு அக்கா இரண்டு பாட்டில்களையும் வகுப்புக்குக் கொண்டுவந்தார். அவற்றின் மேல் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்ததை நான் படித்துச் சொன்னேன். அக்கா இரண்டு தாள்களை வெட்டினார். ஒன்றில் 'ஷாம்பு' என்று எழுதினார். 'ஷா' எழுத இரண்டு முறை அழித்தார். மற்றதில் சிவப்புப் பேனாவால் 'டயர் மட்டும்' என்று எழுதினார். இரண்டையும் பாட்டில்களில் ஒட்டி, மேலே செலோ டேப்பும் ஒட்டினார். ஈரம் பட்டால் எழுத்து அழியக் கூடாது அல்லவா?

"நாலு மாசம் முன்னாடி இதை எழுதக் கத்திருந்தா இந்தப் பணம் மிச்சம் தம்பி" என்றார்.

மறுநாள் இட்லி விற்கும் அம்மாவும் இரண்டு டப்பாக்களைக் கொண்டுவந்தார். ஒன்றில் உப்பு, ஒன்றில் சமையல் சோடா.

பேசுவோம்

1. துணியில் பழுப்பு நிறம் வந்தபோது அக்கா என்ன நினைத்தார்? உண்மையில் அது என்ன?
2. திரவத்தை முதலில் ஓரத்தில் போட்டுப் பார்ப்பது ஏன்?
3. செலவில் பாதியைக் கார்க்காரர் ஏற்றுக்கொண்டது சரியா? உங்கள் கருத்து என்ன?
4. உங்கள் வேலையில் ஒன்றை மாற்றி எடுத்தால் ஆபத்து வரும் பொருள்கள் எவை?

கணக்குப் போடுவோம்

1. ஒரு பங்கு திரவத்துக்கு 10 பங்கு தண்ணீர் கலக்க வேண்டும் என்று ஒரு பாட்டிலில் எழுதியிருக்கிறது. 50 மில்லி திரவத்துக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்?
2. ஒரு காரைத் துடைக்க 20 நிமிடம் ஆகிறது. 7 கார்களைத் துடைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

எழுதுவோம்

உங்கள் வீட்டில் பெயர் இல்லாத பாட்டில், டப்பா எல்லாவற்றையும் எடுங்கள். உள்ளே இருப்பது என்ன என்று நிச்சயமாகத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பெயர் எழுதி ஒட்டுங்கள். தெரியாததை முகர்ந்தோ ருசித்தோ பார்க்காதீர்கள். பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, தெரிந்தவரைக் கேளுங்கள்.

புதிய சொற்கள்

பதனிடுதல் – தோல் அழுகாமல் செய்தல்
காப்புப் பூச்சு – பாதுகாக்கும் மேல் பூச்சு
காரத் தன்மை – சோப்பு, சோடா போன்றவற்றின் தன்மை
பூஞ்சணம் – ஈரத்தில் படரும் பூசணம்